அந்த வங்கியின் வரலாற்றை நானும் வாசித்தேன்

அன்பான மகன்,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. சற்று முன்தான் என் தலைக்கு மேலே நீ குளியலறைக்கும் படுக்கையறைக்குமாக நடந்த சத்தம் கேட்டது. நடையில் குறை ஒன்றும் இல்லை. மேல் வீட்டில் இருக்கிற மகனுக்குக் கீழ் வீட்டிலிருந்து கடிதம் எழுதுகிற தாய் இந்த மொன்ட்ரியால்-நோரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "முத்திரையும் ஒட்டப் போறீரோ?" என்று கேட்டார். சிரிக்கட்டும். நேரே சொல்லிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறேன். நீ என் முன்னால் வந்து உட்கார்ந்தால் "சாப்பிட்டியோ" என்பதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வருவதில்லை. பேனையைக் கையில் எடுத்தால் நான் கொஞ்சம் தைரியமான மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தேன். நீயும் உன் மனைவி ஷூஷானும் வழமைபோல மேலேயிருந்து இறங்கி வந்தீர்கள், வெளிப்படியில் பனி உறைந்து கிடக்கிறது, உப்புப் போட வேண்டும் என்று கதைத்துக்கொண்டு. சாப்பாட்டின் நடுவில், ஷூஷானின் தாய் பிறந்த யெரெவானில் ஒரு பெரிய வங்கி உனக்கு வேலை தந்திருக்கிறது என்றாய். கணினிப் பாதுகாப்பில் நல்ல பதவி என்றாய். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும் என்றாய். யெரெவான் இருக்கிற ஆர்மேனியா என்ற நாட்டை நான் ஷூஷானின் குடும்பம் வழியாகத்தான் அறிவேன், அறிந்ததில் முக்கால்வாசி போர். நீ என் முகத்தைக் கண்டிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகேல்லை. உண்மையாத்தான் சொல்லுறன்" என்றாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு வந்து, "சொதி காணுமோ?" என்று கேட்டேன். இதுவரை உனக்கு நான் தந்த பதில் அவ்வளவுதான்.

வேறு தாய் என்றால் அந்த ஊரின் குளிரைப் பார்த்திருப்பாள், எல்லை எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் விரலால் அளந்திருப்பாள். நானும் அளந்தேன். ஒரு விரலே போதுமாக இருந்தது, அதுதான் கவலை. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தது அந்த வங்கியின் வரலாற்றைத் தேடி வாசித்தது. கார்டெரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சுகிற அம்மாவைத்தான் உனக்குத் தெரியும். அதற்கு முந்திய அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையின் அடைவுப் பகுதியில் உட்கார்ந்திருந்தவள். சனங்கள் கொண்டு வருகிற நகையை உரைகல்லில் உரைத்து, நிறுத்து, பொதியில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டுக் கடன் கொடுக்கிற இடம் அது. ஒரு வங்கி தன்னைப் பற்றி எழுதும்போது எதைச் சொல்லும், எதை விழுங்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆங்கிலத்தில் பாதி, பிரெஞ்சில் பாதி, விளங்காததற்குப் போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி, இந்தக் கிழமை முழுவதும் வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் அதையே வாசித்தேன்.

சோவியத் காலத்தில் அது மொஸ்கோவில் இருந்த ஓர் அரச வங்கியின் கிளை. வெளிநாட்டு வியாபாரத்துக் காசு அதன் வழியாகப் போய் வந்தது. பிறகு அந்தப் பெரிய நாடே இல்லாமற் போயிற்று. தலைமையகம் வேறு நாட்டுக்காரனுடையதாகிவிட, யெரெவானில் இருந்தவர்கள் தங்கள் கிளையைத் தனி வங்கியாக்கிக்கொண்டார்கள். ரூபிள் போய் டிராம் என்ற புதுக் காசு வந்தது. சனங்கள் காலம் முழுக்க அரச சேமிப்பில் போட்டு வைத்த ரூபிள் அவர்கள் கைக்கு வராமலே கரைந்து போயிற்று. எல்லையில் சண்டை, சுற்றிவரப் பாதை அடைப்பு, குளிர்காலத்தில் மின்சாரமும் இல்லை, வீட்டைச் சூடாக்க எரிவாயுவும் இல்லை. புதிதாக முளைத்த வங்கிகள் பல மூடப்பட்டன. இது மூடப்படவில்லை. பிறகு வெளியிலிருந்து காசுக்காரர்கள் வந்து இதை வாங்கிப் புதுப் பெயர் வைத்தார்கள். அது வளர்ந்து அந்த நாட்டின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றாயிற்று. இப்போது பக்கத்து நாட்டு வங்கிக்காரர்கள் கையில் இருக்கிறது. நாடு மாறி, காசு மாறி, முதலாளி மாறி, பெயரும் மாறி, அதே ஊரில் இருந்துகொண்டிருக்கிறது. நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "இது பாங்க் இல்லையப்பா, எங்கடை ஆக்கள்" என்றார் அப்பா. எங்களுக்கு மிச்சமெல்லாம் மாறிய கையோடு ஊரும் மாறிவிட்டதே என்றேன். அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அவர்களுடைய வரலாற்றில் புதுக் கட்டடத்துக்கும் விருதுகளுக்கும் போனில் வருகிற செயலிக்கும் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது. அந்த இருட்டுக் குளிர்காலங்களுக்கு, கஷ்டத்திலும் வேலை நிற்கவில்லை என்ற கருத்தில் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் சிக்கிக்கொண்டு நான் இறங்க வேண்டிய பஸ் தரிப்பையும் தாண்டிப் போய்விட்டேன். வேலை தானாக நிற்காமல் இருப்பதில்லை, மகன். யாரோ ஒருத்தி காலையில் வந்து கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று தனக்கே சரியாகத் தெரியாமல், வெளியே வரிசையில் நிற்கிற சனத்துக்கு முகம் கொடுத்திருக்கிறாள். நான் அப்படி உட்கார்ந்திருந்தவள். அதனால் என் பயம் மற்றத் தாய்மாரின் பயத்தைவிட ஒரு சாண் கூட.

எங்கள் கிளைக்குப் போர்க் காலத்தில் காசு தேவைப்பட்டு வந்தவர்களைவிடக் காசு தேவைப்படாமல் வந்தவர்கள் அதிகம். இதை நான் உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், சொன்னாலும் நீ நம்பியிருக்க மாட்டாய். வீட்டில் நகை வைத்திருக்கப் பயம். களவு ஒரு பக்கம், செல்லடி, குண்டுவீச்சு ஒரு பக்கம், எந்த நேரம் எழும்பி ஓட வேண்டி வருமோ என்பது இன்னொரு பக்கம். அதனால் நகையை அடைவு வைக்க வருவார்கள். "பிள்ளை, எனக்குக் காசு வேண்டாம். இது உள்ளுக்கு இருந்தால் காணும்" என்பார்கள். "காசு எடுக்காமல் அடைவு வைக்கேலாது, அம்மா" என்பேன். "அப்ப எவ்வளவு குறைச்சுத் தரலாமோ அவ்வளவு தாங்கோவன்" என்பார்கள். சொந்த நகையைப் பாதுகாக்கத் தாங்களே வட்டி கட்டுகிற சனம் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதோ தெரியாது. எங்கள் மனேஜர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் அவருடைய மனைவியின் காப்பும் உள்ளேதான் இருந்தது. என் தாலிக்கொடியை நானே நிறுத்து, நானே அரக்கு உருக்கி முத்திரை வைத்து, உள்ளே அனுப்பிவிட்டுக் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வீட்டுக்குப் போனேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னை எப்ப அடைவு வைக்கப் போறீர்?" என்று கேட்டார். உங்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்று தெரியவில்லை என்று நானும் சொன்னேன். சிரித்தோம். அந்தக் காலத்திலும் சிரித்திருக்கிறோம்.

பிறகு ஊர் முழுவதும் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கிய நாள் வந்தது. நீ வயிற்றில் இருந்தாய். நாங்களும் நடந்து, ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரித்துத் தங்கினோம். அங்கேதான் எனக்கு விளங்கியது, வங்கியில் வேலை செய்தவர் வங்கியை விட்டு ஓட முடியாது என்று. குழாயடியில் நின்றால் ஒருவர் வருவார். சோற்று வரிசையில் நின்றால் இன்னொருவர். "பிள்ளை நீர்தானே அடைவிலை இருந்தனீர்? என்ரை பதக்கம் பத்திரமோ?" நான் எல்லாருக்கும் "ஓம், பத்திரம்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. பொதிகளைக் கொழும்புக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், இல்லை, இருந்த இடத்தில்தான் இருக்கின்றன என்று மற்றவர் சொன்னார். நான் பத்திரம் என்று சொன்னதைக் கேட்டு ஒரு மனுஷி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுதாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். சொல்லிவிட்டு, அவளை எங்கேயும் கண்டால் மறுபக்கம் திரும்பி நடந்தேன்.

என் கொடி கடைசியில் கிடைத்தது. நாங்கள் இங்கே வந்து, நீ நடக்கத் தொடங்கிய பிறகு, உன் மாமா ரசீதோடு அலைந்து, சேர்ந்த வட்டியெல்லாம் கட்டி மீட்டு அனுப்பினார். முத்திரை உடையாமல் இருந்தது என்றார். வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாருக்கும் ரசீது இருக்கவில்லை, எல்லாருக்கும் தமையன் இருக்கவில்லை. அந்த மனுஷிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் பெயர் தெரியாது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னைக் குண்டு தேடி வரும் என்று மட்டும் நான் பயப்படவில்லை. சனம் உன்னைத் தேடி வரும் என்று பயப்படுகிறேன். நீ இதற்கு என்ன சொல்வாய் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே சொன்னாய், "நான் கவுண்டரிலை இருக்கிற ஆள் இல்லையம்மா. நான் பின்னாலை. என்னை ஒருத்தருக்கும் தெரியாது." சரி. ஆனால் ஒரு கெட்ட நாளில் அந்தச் செயலி வேலை செய்யாமல் போனால், ரொட்டிக் கடையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காசு கட்ட முடியாமல் ஒருத்தி நிற்பாள். உன் அடுக்குமாடிப் படியில் உன்னைக் காண்கிற பக்கத்து வீட்டுக்காரி, நீ அங்கேதானே வேலை, என் காசு பத்திரமா என்று கேட்பாள். அப்போது உன் வாயில் என்ன வரும்? நீ என் வயிற்றுப் பிள்ளை, பத்திரம் என்றுதான் வரும். வர விடாதே. தெரிந்தால் தெரிந்ததைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். உனக்கு மேலே இருக்கிறவர்களையும் அப்படிச் சொல்ல வை. அவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும், வேலை போனால் மேல் வீடு காலியாகத்தான் இருக்கும்.

இப்போது உனக்குத் தெரியாமல் நான் செய்த இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, உன் மாமனார் ஹாகோப்பின் சலவைக் கடைக்குப் போனேன், அக்காடி மெட்ரோவில் இறங்கி, பனிச் சேற்றில் நடந்து. உன் அப்பாவின் கோட்டைச் சாட்டாகக் கொண்டு போனேன். அந்த மனிதர் பிறந்தது பெய்ரூட்டில். ஆர்மேனியாவைப் பார்க்கப் போனாரே தவிர அங்கே வாழ்ந்தவர் இல்லை. பெய்ரூட் வங்கிகள் கதவைச் சாத்தியபோது அவருடைய தமையனின் வாழ்நாள் சேமிப்பு உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. வங்கி என்று சொன்னாலே அவருக்கு மூக்குச் சிவக்கும். அவர் நிச்சயம் வேண்டாம் என்பார், அந்தப் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருந்துவிடலாம் என்பது என் திட்டம். நான் வாயைத் திறக்குமுன் அவர் கவுண்டரைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார். "மதாம், கடவுள்தான் உங்களை அனுப்பியிருக்கிறார். நீங்கள் உங்கள் மகனைத் தடுத்துவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் தாய் சொல்வதைக் கேட்பார்கள். என் மகள் நான் இடது என்றால் வலது போவாள்" என்றார். இருவரும் பிரெஞ்சில் தடக்கித் தடக்கி ஒருவரிடம் ஒருவர் கெஞ்சினோம். கோட்டு வாங்க வந்த ஒருவன் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டான். கடைசியில் ஹாகோப் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் அந்த வங்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கரினேயைக் கேளுங்கள். அவள் அதற்குள்ளேயே கிழவியானவள்" என்றார். கோட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். வாங்க வைத்தேன்.

கரினே என்பவர் காலமான உன் மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா. அந்த வங்கி கிளையாக இருந்த காலத்திலேயே காசாளராகச் சேர்ந்து, பெயர் மாறிய பிறகு ஓய்வு பெற்றவர். புதன்கிழமை காலையில் நீ வேலைக்குப் போன பிறகு ஷூஷான் கீழே வந்து, தன் போனில் அவரை அழைத்துத் தந்தாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அவளைக் கோபிக்காதே. அங்கே பின்னேரம். என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், தலைமயிருக்குச் சிவப்புச் சாயம், கையில் சின்னக் கோப்பையில் கோப்பி. ஷூஷான் நடுவில் இருந்து ஆர்மேனிய மொழியைப் பிரெஞ்சாக்கினாள், நடுநடுவே தனக்குத் தெரிந்த தமிழையும் போட்டாள். நான் உன் சம்பளத்தையோ வீட்டு வாடகையையோ கேட்கவில்லை. அந்த ஒற்றை வரியைப் பற்றிக் கேட்டேன். அந்தக் குளிர்காலங்களில் வங்கியைத் திறந்தது யார்?

அவர் சிரித்தார். தன்னைத் தொட்டுக் காட்டினார். விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு காசு எண்ணினார்களாம். கோட்டைக் கழற்றுவதே இல்லையாம். வீட்டில் தகர அடுப்பு வைத்து, புகைக்குழாயை ஜன்னலால் வெளியே விட்டு, மேசை, கதிரை என்று தளபாடத்தை உடைத்து எரித்தார்களாம், அந்தப் புகை மணம் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வங்கிக்கும் வருமாம், வருகிற வாடிக்கையாளரும் அதே மணத்தோடு வருவார்களாம். காலையில் வாங்கிய சம்பளத்துக்குப் பின்னேரம் பாதிச் சாமான்தான். பழைய ரூபிள் சேமிப்பு எங்கே என்று கேட்டு வயதானவர்கள் வருவார்கள். அது வேறு வங்கி, வேறு நாடு, ஆனால் அவர்களுக்கு வங்கி என்றால் வங்கிதான். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பத்திரம் என்று சொன்னதை அவருக்குச் சொன்னேன். ஷூஷான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு கேட்டேன், திரும்பவும் சண்டை வருமா என்று. வராது, பயப்படாதீர்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உனக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் அந்தப் பதில் எந்தக் கவுண்டரிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாது" என்றார். "இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனை நம்பாதே." எனக்குப் பயம் கூடியது, அதே நேரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. உன் மகனை அங்கே அனுப்புவாயா என்று கேட்டேன். அவருக்கு ஒரே மகன். அந்தக் குளிர்காலங்களில் ஒன்றில் வெளிக்கிட்டவன், அமெரிக்காவில் லொறி ஓடுகிறானாம், பேரப்பிள்ளைகளுக்கு அவருடைய மொழி அரைகுறையாம். "நான் வங்கியைத் திறந்து வைத்திருந்தேன், அவன் போய்விட்டான். இந்த ஊரில் தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை வழியனுப்பித்தான் பழகியிருக்கிறோம். ஒரு பிள்ளை இங்கே வரப்போகிறது என்று கேட்டு, வரட்டுமா என்று என்னிடம் கேட்கிற முதல் தாய் நீதான்" என்றார். அதற்குப் பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். ஷூஷான் மொழிபெயர்க்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "மாமி, உங்கடை மகனுக்கு உறைப்பு இல்லாமல் சாப்பாடு இறங்குமோ எண்டு கேக்கிறா" என்றாள்.

புதன்கிழமை முழுவதும் கார்டெரியில் நான் என்ன சமைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பிள்ளை கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிட்டது. முன்பு உனக்குத் தூரத்து வன்கூவரில் வேலை கிடைத்தபோது எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது உனக்கு நினைவிருக்கும். அது ஏறியதை மருத்துவர் கண்டுபிடிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன். நீ போகவில்லை. கலியாணம் ஆனதும் ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு பார்க்கலாம் என்றாய், மேல் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு உன்னை அங்கே ஏற்றினேன். வாடகை குறைவு என்றேன். நீயும் ஒத்துக்கொண்டாய், எப்போதும் போல. என் கவுண்டருக்கு வந்த அந்தச் சனங்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன், போட வேண்டிய நகையைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வட்டி கட்டுகிறார்களே என்று. நான் உன்னோடு செய்தது வேறென்ன? தங்கத்துக்கு உள்ளே கிடப்பதில் வருத்தம் இல்லை. உனக்கு இருந்திருக்கும். நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்.

போனால் என்ன செய்ய வேண்டும் என்று சிலதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நின்று கத்துவேன். கடவுச்சீட்டுகளை ஒரே இடத்தில் வை, அந்த இடம் ஷூஷானுக்கும் தெரிய வேண்டும். வங்கியில் வேலை என்றாலும் கொஞ்சக் காசு வீட்டில் வை, வங்கிக்காரி சொல்கிறேன். அவர்களின் மொழியைப் படி. நான் பனியில் விழுந்து எழும்பிப் பிரெஞ்சு வகுப்புக்குப் போன காலத்தில் உன் அப்பா எங்களுக்கு இதெல்லாம் ஏறாது என்றார், இன்றைக்கு மருத்துவரிடம் போவதென்றால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். கரினேயிடம் கிழமைக்கு ஒரு தடவையாவது போய்ச் சாப்பிடு. உனக்காக மட்டும் சொல்லவில்லை. ஷூஷானோடு சண்டை பிடித்தால் எனக்குச் சொல்லாதே, அவள் எனக்குச் சொல்வாள். மின்சாரம் போனால் போனது என்று சொல். எல்லையில் சத்தம் கேட்டால் கேட்டது என்று சொல். எல்லாம் முடிந்த பிறகு, ஒன்றுமில்லை அம்மா, உங்களைப் பயப்படுத்த வேண்டாம் என்று நினைத்தோம் என்று ஒரு கதை வரும் பார், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. எனக்குப் பத்திரம் என்று சொல்லாதே. உண்மையைச் சொல், நான் கத்துவேன், கத்தி முடித்ததும் சரியாகிவிடுவேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று நீ கேட்டது என் மேல் இருக்கிற அன்பால் என்று தெரியும். ஆனால் மகன், அது ஒரு பிணைக் கையெழுத்து. நான் வேண்டாம் என்றால், நீ இங்கே இருந்து ஒவ்வொரு நாளும் போகாத ஊரை நினைப்பதற்கு நான் பொறுப்பு. நான் போ என்று சொல்லி உனக்கு அங்கே ஏதாவது நடந்தால், அதற்கு நான் பொறுப்பு, அதோடு நான் உயிரோடு இருக்க மாட்டேன். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் என் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. வேலை உன்னுடையது, பெண் உன்னுடையவள், கையெழுத்தும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

எனக்குப் பயமாயிருக்கிறது. நீ போன பிறகு அது குறையும் என்று எழுதினால் பொய். நீ அங்கே கதவைத் திறந்து உள்ளே போகிற ஒவ்வொரு காலையும் இங்கே எனக்கு நித்திரை இருக்காது. ஆனால் பயமாயிருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன், வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை வரை வைத்திராதே. இதை வாசித்து முடித்த கையோடு கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு, நான் மனம் மாறிப் படியேறி மேலே வருவதற்குள்.

அம்மா